நாற்பது அங்குல இறக்கை

பெட்டிக்குள் இறக்கை போகவில்லை.

குழந்தைராஜ் முதலில் நீளவாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு குறுக்கே வைத்தார். பிறகு ஒருபக்கம் சாய்த்து, செத்துப்போன தம்பியின் முழங்காலுக்கு மேலே ரிமோட் விமானத்தின் மூக்கைக் கொண்டுபோய் நிறுத்தி, வாலைப் பிடித்துக் கீழே அழுத்தினார். இறக்கை பெட்டியின் விளிம்பில் டொக்கென்று முட்டி நின்றது. பெட்டியின் அகலம் இருபத்திரண்டு அங்குலம். இறக்கை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நாற்பது. இறக்கையை நீளவாக்கில் திருப்பினால் மூக்கும் வாலும் வெளியே நின்றன. கோயில் நாட்டாண்மை பிடித்து அழுத்துகிறார் என்பதற்காக அளவுகள் மாறிவிடுமா என்ன?

"அந்தப் பக்கம் கொஞ்சம் தூக்கிப் பிடிங்கய்யா," என்றார், நெற்றி வேர்வையைத் துண்டால் துடைத்துக்கொண்டே.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ஜாய்ஸ் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். புதன்கிழமை சாயங்காலம் தஞ்சாவூருக்குப் போகிற வழியில், ஆம்புலன்ஸிலேயே ரெமிஜியஸ் போய்ச் சேர்ந்ததிலிருந்து இந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் வரை அவள் அழ வேண்டியதை அழுதுவிட்டாள். இப்போது அவளுக்குக் கோபம்தான் வந்தது. சாவு வீட்டில் புருஷனைப் பறிகொடுத்தவளுக்குக் கோபம் வரலாமா என்று யாரையும் கேட்டுக்கொண்டு அது வரவில்லை.

குழந்தைராஜ் கெட்டவரில்லை. கெட்டவராக இருந்தால் சமாளிப்பது சுலபம். காலையில் மேசைமேல் கிடந்த விமானத்தைப் பார்த்ததும் மனிதர் அப்படியே உடைந்துபோய், "தம்பி ஆசையாச் செஞ்சது, அவனோடயே போவட்டும்," என்று சொல்லி அழுதார். கூடியிருந்த பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். ஒசூரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்கிய மகள் அருள்ஜோதிகூட, "ஆமாம்மா, அப்பாவோடயே போவட்டும்மா," என்று தோளில் சாய்ந்தாள். ஜாய்ஸை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுடைய தையல் மிஷினைத் தூக்கிப் பெட்டிக்குள் வைத்தாலும் இப்படித்தான் எல்லோரும் தலையாட்டியிருப்பார்கள் போலிருக்கிறது.

விஷயம் இதுதான். அந்த வீட்டில் விமானம் ஓட்டுகிறவள் ஜாய்ஸ்.

ரெமிஜியஸ் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தார். ஆறு வருடங்களுக்கு முன்பு கம்பத்தில் கரண்ட் அடித்து, வலதுகைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போயின. வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தவருக்குப் பொழுது போகவில்லை. பாபநாசத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பக்கீர் முகம்மது ஒரு ரிமோட் விமானத்தை எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வந்தார். ரெமிஜியஸ் அதை ஆசையாக ஓட்டினார், மூன்று தடவை வயலில் குத்தினார். மரத்துப்போன விரலுக்கு ரிமோட்டில் இருக்கிற குட்டிக் குச்சியை ஒரு மயிரிழை நகர்த்துவது எப்படித் தெரியும்? நான்காம் தடவை, "இந்தா, இதக் கொஞ்சம் பிடி," என்று ஜாய்ஸ் கையில் கொடுத்துவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். அவர் துடைத்து முடிப்பதற்குள் அவள் நெல் களத்தை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டாள். முப்பது வருடமாக ஊசியில் நூல் கோத்த விரல்கள் அவை.

அதற்குப் பிறகு ரிமோட் அவள் கையிலேயே தங்கிவிட்டது. ரெமிஜியஸ் அவளுடைய முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். ரிமோட் விமானப் பந்தயத்தில் அது ஒரு வேலை. இரண்டு கம்பங்களைச் சுற்றிச் சுற்றி வர வேண்டும். அந்த வேகத்தில் ஓட்டுகிறவருக்கு விமானம் கம்பத்தைத் தாண்டியதா இல்லையா என்று பார்க்க நேரமிருக்காது. பின்னால் நிற்கிறவர் பார்த்துச் சொல்ல வேண்டும். ரெமிஜியஸ், "இப்ப!" என்று கத்துவார். அவள் திருப்புவாள். வயல் வேலையில் இருப்பவர்கள் நிமிர்ந்து பார்த்து, "புருஷன் பொண்டாட்டி சண்ட ஆரம்பிச்சிட்டுது," என்று சிரிப்பார்கள்.

போன வருடம் திருச்சிப் பக்கம் ஒரு மைதானத்தில் நடந்த பந்தயத்தில் பதினோரு விமானங்களில் இவர்களுடைய அந்தப் பழைய விமானம் இரண்டாவதாக வந்தது. சான்றிதழில் ஓட்டியவர் ரெமிஜியஸ் என்றும், உதவியாளர் ஜாய்ஸ் என்றும் எழுதிக் கொடுத்தார்கள். ரெமிஜியஸ் மேசைக்குப் போய், "எங்க வீட்டுக்காரிதாங்க ஓட்டினா. நான் பின்னால நின்னு கத்தினேன், அவ்வளவுதான்," என்று தகராறு செய்தார். அவர்கள் சிரித்தார்கள். ஊரில் வந்து சொன்னார், ஊரும் சிரித்தது. "பொண்டாட்டிய விட்டுக்குடுக்காமப் பேசறான் பாரு," என்று குழந்தைராஜ் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

இப்போது அதே குழந்தைராஜ் விமானத்தைத் தூக்கிக்கொண்டு நின்றார். கூட்டத்தில் பக்கீர் முகம்மது தென்பட்டதும் முகம் மலர்ந்தது.

"பாய், வாங்க. உங்களுக்குத் தெரியாம இருக்காது. இந்த ரெக்கையக் கழட்ட முடியுமா?"

பக்கீர் முகம்மது விமானத்தைப் பார்த்தார். இறக்கையை இரண்டே இரண்டு நைலான் திருகுகள்தான் பிடித்திருந்தன. அவற்றைக் கும்பகோணத்தில் தேடி வாங்கி வந்தவரே அவர்தான். பத்துக்காசு நாணயம் ஒன்று இருந்தால் ஒரு நிமிஷத்தில் கழற்றிவிடலாம். பாய் அவளைப் பார்த்தார். அவள் பார்வையைத் திருப்பவுமில்லை, தலையசைக்கவுமில்லை.

"பசை போட்டு ஒட்டிட்டாங்க நாட்டாண்ம," என்றார் பக்கீர் முகம்மது. "கழட்ட வராது."

ஐந்து வேளை தொழுகிற மனிதர். அதுவும் வெள்ளிக்கிழமை.

"அப்ப ஒடிச்சுதான் வைக்கணும்," என்று சொல்லிக் குழந்தைராஜ் இறக்கையின் ஒரு முனையைப் பிடித்தார்.

ஜாய்ஸ் எழுந்துவிட்டாள். "கைய எடுங்க மாமா."

பந்தலில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்த அன்பியக் குழுப் பெண்கள் பாதி மந்திரத்தில் நிறுத்தினார்கள்.

"அது அவரோடது மட்டும் இல்ல. அதுல பாதி நான் செஞ்சது. பறக்கவிடறது முழுசும் நான். ஒடிக்கறதா இருந்தா என்னையும் ஒடிச்சு உள்ள வைங்க, பெட்டி பத்துதா பாப்போம்."

குழந்தைராஜின் மனைவி ராசம்மாள் ஓடிவந்து கையைப் பிடித்தாள். "ஏண்டி ஜாய்ஸு, பொணத்துக்கு முன்னால நின்னுகிட்டு இப்படியா கத்துவ?"

"இருக்கறப்பவும் கத்தினேன்க்கா. அவருக்குப் பழக்கந்தான்."

யாரோ ஒருவர் சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார். குழந்தைராஜ் இறக்கையை விட்டுவிட்டார். அவருடைய கண் நிறைந்திருந்தது. "அப்ப எந்தம்பிய வெறுங்கையோட அனுப்பச் சொல்றியாம்மா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி ஜாய்ஸை ஒரு குத்துக் குத்தியது. அவள் உள்ளே போனாள். தையல் மிஷினுக்கு மேலே, நூல்கண்டு டப்பாக்களுக்குப் பின்னால் கையை விட்டு இரண்டு மரத்துண்டுகளை எடுத்தாள்.

இந்தப் புது விமானம் அருள்ஜோதி போன வருடம் போனஸ் பணத்தில் வாங்கி அனுப்பிய கிட். ஒரு அட்டைப்பெட்டி நிறைய மெலிந்த பால்சா மரத்தகடுகள், கம்பிகள், ஒரு வரைபடம். எட்டு மாதமாக இரண்டு பேரும் அதை வைத்துக் குடித்தனம் நடத்தினார்கள். சட்டங்களை அவர் ஒட்டினார், அவள் உப்புத்தாளால் தேய்த்தாள். மேலே போர்த்தும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை, பிளவுஸுக்குப் போடுகிற அதே இஸ்திரிப் பெட்டியால், ஒரு சுருக்கம் விழாமல் இழுத்து ஒட்டினாள். கிட்டில் வந்த இறக்கை நாற்பத்தாறு அங்குலம். இரண்டு பக்கமும் மூன்று மூன்று அங்குலம் வெட்டினால் வேகம் கூடும் என்றாள் ஜாய்ஸ். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "கம்பெனிக்காரன் தெரியாமலா போட்டிருக்கான்?" என்பார். "கம்பெனிக்காரன் நம்மூரு காத்துல ஓட்டிப் பாத்தானா?" என்பாள் இவள். இரண்டு வாரம் இழுத்த சண்டை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் முதல் பூசைக்குப் போய்விட்டு வந்து, அவர் இரண்டாம் பூசைக்குப் போயிருந்த நேரத்தில் வெட்டிவிட்டாள். வந்து பார்த்தவர் மத்தியானம் சாப்பிடவில்லை. சாயங்காலம் அளவு நாடாவை எடுத்து அளந்து பார்த்துவிட்டு, "ரெண்டு பக்கமும் ஒரே அளவா இருக்கே," என்றார். அதோடு சண்டை தீர்ந்தது. வெட்டிய துண்டுகளைத் தூக்கிப்போட அவருக்கு மனசு வரவில்லை.

ஜாய்ஸ் அந்த இரண்டு துண்டுகளையும் பெட்டிக்குள் வைத்தாள். இடதுகைப் பக்கம் ஒன்று. மரத்துப்போன வலதுகைப் பக்கம் ஒன்று.

"வெட்டாத வெட்டாதன்னீங்கல்ல," என்றாள் ரெமிஜியஸிடம். "இந்தாங்க. எடுத்துட்டுப் போங்க."

ராசம்மாள் வாய்விட்டு அழுதாள். கோயிலில் துக்கமணி அடிக்கத் தொடங்கியது. சாமியார் வந்துகொண்டிருப்பதாக யாரோ ஓடிவந்து சொன்னார்கள்.

"பாய்," என்றார் குழந்தைராஜ், கரகரத்த குரலில். "அந்தச் சனியன எங்கயாவது கண்ணுல படாம எடுத்துட்டுப் போயிருங்க. பாக்கப் பாக்க வயிறு எரியுது."

பக்கீர் முகம்மது விமானத்தை வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் பக்கவாட்டில் நிறுத்தியிருந்த தன் ஆம்னி வேனுக்குப் போனார். ஜாய்ஸ் கொல்லை வழியாகச் சுற்றிக்கொண்டு அங்கே போய் நின்றாள். கையில் ரிமோட்டும், பழைய பனியன் துணியில் சுற்றிய பேட்டரியும் இருந்தன.

"களத்துக்குக் கொண்டுபோங்க பாய். பேட்டரிய சார்ஜ் போட்டு வைங்க."

பாய் திடுக்கிட்டுப்போனார். "இன்னைக்கா தங்கச்சி?"

"நாளைக்கு நெல்லு வந்துரும் பாய்."

அவருக்கும் தெரியும். கொள்முதல் நிலையத்துக்கு முன்னால் இருக்கிற அந்தச் சிமெண்டுக் களம்தான் இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே விமானம் ஓடி எழும்பத் தோதான ஒரே இடம். சம்பா அறுவடை தொடங்கியாயிற்று. சனிக்கிழமை காலையில் கொள்முதல் திறந்தால் களம் முழுக்க நெல் அம்பாரமாகக் கிடக்கும். சித்திரை பிறக்கிறவரை ஒரு சைக்கிள் ஓட்டக்கூட இடம் இருக்காது. "வெள்ளிக்கெழமைக்குள்ள புதுச ஒரு தடவயாவது பறக்கவிட்டாகணும் ஜாய்ஸு," என்று ரெமிஜியஸ் அந்த வாரம் முழுக்கப் பறந்துகொண்டிருந்தார். ஜாய்ஸ், "விட்டாச்சுன்னு வைங்க," என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

அடக்கப் பூசையில் சாமியார் நல்ல விதமாகத்தான் பேசினார். ஜாய்ஸ் காதில் ஒன்றும் விழவில்லை. அவள் புதன்கிழமை சாயங்காலத்தில் இருந்தாள்.

அன்றைக்கும் சண்டைதான். பேட்டரியை எங்கே வைப்பது என்பது பற்றி. விமானத்தின் மூக்குப் பக்கத்து மூடியைக் கழற்றினால் பேட்டரிக்கான பள்ளம் இருக்கும். அதைக் கொஞ்சம் முன்னே தள்ளினால் மூக்குக் கனக்கும், பின்னே தள்ளினால் வால் கனக்கும். எது சரியென்று ஜாய்ஸ் பேனாவால் ஒரு கறுப்புக் கோடு போட்டிருந்தாள். ரெமிஜியஸ் அதற்குப் பின்னால் நாலு நூல் தள்ளி, அதாவது அரை அங்குலம் தள்ளி, சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு போட்டார்.

"இங்க வெச்சாதான் கம்பத்துல சட்டுன்னு திரும்பும்."

"திரும்பும். நேராப் போறப்ப கூத்தாடும். வால் கனத்த எதுவும் நேராப் போனதா சரித்திரம் இல்ல."

"நீ பயந்தாங்கொள்ளி."

"ஆமா, நீங்க பெரிய சூரரு."

முகத்தைத் திருப்பிக்கொண்டு மிஷினில் போய் உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் கல்யாணத்துக்குக் கொடுக்க வேண்டிய பிளவுஸ் ஒன்று பாக்கி இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அந்த அறையிலிருந்து குரல் வந்தது. "ஜாய்ஸு, கொஞ்சம் தண்ணி கொண்டா." அவளுக்கு வீம்பு. ஓடிக்கொண்டிருந்த தையலை முடித்துவிட்டு எழுந்திருப்போம் என்று மிதித்தாள். கைப்பட்டியில் நாலு அங்குலத் தையல். அரை நிமிஷம் ஆகுமா? செம்பில் தண்ணீரோடு போனபோது அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு வேர்த்துக் கொட்டி நின்றார்.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸிடம் அவள் வெட்கத்தை விட்டுக் கேட்டாள், அரை நிமிஷம் முன்னால் போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று. அந்தப் பெண் இல்லவே இல்லையம்மா, பெரிய அடைப்பு என்றாள். ஜாய்ஸ் அதை நம்பினாள். நம்பினால் மட்டும் போதுமா? அந்த நாலு அங்குலத் தையல் மனசுக்குள் ஓடிக்கொண்டேதான் இருந்தது. மகளிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லப்போவதில்லை.

கல்லறையில் குழிக்குள் பெட்டி இறங்கியது. சாம்பிராணிப் புகை காற்றில் வயல் பக்கமாகப் போயிற்று. ஜாய்ஸ் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கவனித்துக்கொண்டாள். வடகிழக்கு, லேசான காற்று. மூன்று பிடி மண் அள்ளிப் போட்டாள். மூன்றாவது பிடியில் ஒரு உளுந்துச் செடி வேரோடு வந்தது. அதையும் சேர்த்துப் போட்டாள்.

எல்லோரும் தெருவைப் பார்த்துத் திரும்பியபோது அவள் வாய்க்கால் கரையில் இறங்கினாள்.

"ஜாய்ஸு, வீட்டுக்கு இந்தப் பக்கம்," என்றாள் ராசம்மாள்.

"தெரியும்க்கா."

"தெரியும்னா எங்கடி போற? தலைக்குத் தண்ணி ஊத்திக்கணும். எட்டாம் நாள் பூச வரைக்கும் வாசப்படி தாண்டக் கூடாது. ஊரே பாக்குது."

"வீட்டுக்குள்ள போனாத்தானக்கா வாசப்படி தாண்டணும். நான் இன்னும் போவவே இல்லியே."

அருள்ஜோதி ஓடிவந்து அம்மாவின் பக்கத்தில் நடந்தாள்.

"அம்மா, காலைல நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"விடு."

"நெசமாவே நீதான் ஓட்டுவியா? அப்பா போன்ல சொல்வாரு. நான் சும்மா சொல்றாருன்னு நெனச்சேன்."

ஜாய்ஸ் நின்று மகளைப் பார்த்தாள். பெற்ற பிள்ளைகூட நம்பவில்லை! சிரிப்பு வந்தது, கூடவே ஆத்திரமும் வந்தது. "வா, வந்து பாரு," என்று மட்டும் சொன்னாள்.

களத்தில் பாய் எல்லாம் தயாராக வைத்திருந்தார். எண்பது தப்படி இடைவெளியில் ரெமிஜியஸ் நட்ட இரண்டு மூங்கில் கம்பங்களும், அவற்றின் உச்சியில் ஜாய்ஸ் கட்டிய ஊதா பிளவுஸ் பிட்டுகளும் அப்படியே இருந்தன. ஓரத்தில் கோணிச் சாக்குக் கட்டுகள் வந்து இறங்கியிருந்தன. எடைத் தராசையும் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள்.

"பொய் சொல்லிட்டீங்களே பாய்."

"அசர் தொழுகையில மன்னிப்புக் கேட்டுட்டேன் தங்கச்சி. பதில் இன்னும் வரல."

ஜாய்ஸ் வெள்ளைச் சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். மூக்குப் பக்கத்து மூடியைக் கழற்றினாள். பள்ளத்தில் கறுப்புக் கோடும் சிவப்புக் கோடும் இருந்தன. பேட்டரியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சிவப்புக் கோட்டில் வைத்துப் பட்டையை இறுக்கினாள். இறக்கைக்கு அடியில் இரண்டு விரல் நுனிகளைக் கொடுத்து விமானத்தைத் தூக்கிப் பார்த்தாள். மூக்கு மேலே போயிற்று, வால் மெல்லத் தொங்கியது.

"வால் கனக்குது தங்கச்சி," என்றார் பாய்.

"தெரியுது. ஒரு தடவ அவரு சொன்ன மாதிரி. ஒரே ஒரு தடவ."

குச்சிகளை அசைத்து வலது, இடது, மேல், கீழ் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். களத்தின் நடுவில் விமானத்தை வைத்துவிட்டுப் பின்னால் வந்து நின்றாள். பாய் வழக்கமாக ரெமிஜியஸ் நிற்கிற இடத்துக்கு நகர்ந்தார், குரல் கொடுக்கலாம் என்று. நல்ல மனசோடுதான் வந்தார்.

"அங்க வேணாம் பாய். இந்தாண்ட வாங்க."

பாய் தள்ளிப் போய் அருள்ஜோதி பக்கத்தில் நின்றுகொண்டார்.

விமானம் சிமெண்டில் பத்தடிகூட ஓடவில்லை. படக்கென்று எழும்பி, முரட்டுக் காளையாகத் தலையைத் தூக்கியது. அருள்ஜோதி "அய்யோ" என்று கத்தினாள். ஜாய்ஸ் குச்சியை அழுத்திப் பிடித்து அதை மட்டத்துக்குக் கொண்டுவந்தாள். அது கேட்கவில்லை. ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. கட்டைவிரல் ஒரு நொடி ஓய்ந்தாலும் வயலில் போய்க் குத்திவிடும். எட்டு மாத உழைப்பு. அதற்கு மேல் சொல்லத் தெரியாத என்னவெல்லாமோ அந்த நாற்பது அங்குலத்தில் ஆடிக்கொண்டிருந்தது. முதல் கம்பம் வந்தது. "இப்ப" என்ற குரலுக்காக அவளுடைய காது காத்திருந்தது. குரல் வரவில்லை. விமானம் கம்பத்தைத் தாண்டி உளுந்து வயல் மேலே எங்கேயோ போய்விட்டது. அப்புறம்தான் திருப்பினாள். திருப்பிய வேகத்தில் சட்டென்று, ஒரு தட்டுக்குள் திரும்புகிற மாதிரித் திரும்பியது. அவர் சொன்னது சரிதான்.

ஒரே சுற்று. சிமெண்டில் மூன்று தடவை குதித்து, சாக்குக் கட்டுக்கு ஒரு சாண் முன்னால் வந்து நின்றது. முகமெல்லாம் ஈரம், எது வேர்வை, எது கண்ணீர் என்று தெரியவில்லை. துடைத்துக்கொள்ளவுமில்லை.

அதற்குள் ஊர் வந்துவிட்டது. கல்லறையிலிருந்து திரும்பியவர்கள் பாதிப் பேர் வாய்க்கால் கரையில் நின்றார்கள். எல்லோருக்கும் முன்னால் குழந்தைராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு களத்துக்குள் ஏறினார்.

"என்னம்மா இது? மண்ணு ஈரங்கூடக் காயல. நாலு பேரு என்ன சொல்லுவாங்க? உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா?"

ஜாய்ஸ் விமானத்தின் மூடியைக் கழற்றிக்கொண்டே பதில் சொன்னாள். "என்ன வேணா சொல்லட்டும் மாமா. உங்க தம்பி போன வருஷம் ஊரெல்லாம் சொன்னாரு, எங்க வீட்டுக்காரிதான் ஓட்டறான்னு. நீங்க நம்புனீங்களா? அவர் வார்த்தைய அவர் இருக்கறப்பவே நம்பல. ஒரு பத்து நிமிஷம் நின்னு பாத்துட்டுப் போங்க. அதுக்கப்புறம் எட்டு நாளு என்ன, எண்பது நாளு வேணாலும் மூலைல உக்கார்றேன்."

குழந்தைராஜ் எதையோ சொல்ல வாயெடுத்தார். அருள்ஜோதி பெரியப்பாவின் முழங்கையைத் தொட்டாள். அவர் நின்றார்.

பள்ளத்துக்குள் பார்த்து ஜாய்ஸ் பேசினாள், சத்தமாகவே, எதிரில் ஆள் இருக்கிற மாதிரியே. "திரும்பறது நீங்க சொன்ன மாதிரிதான். ஒத்துக்கறேன். நேராப் போனது யாரு சொன்ன மாதிரி? பாத்தீங்கல்ல?" பட்டையைத் தளர்த்திப் பேட்டரியை நாலு நூல் முன்னால் தள்ளினாள், கறுப்புக் கோட்டுக்கு. இறுக்கினாள். விரல் நுனியில் தூக்கிப் பார்த்தாள். மூக்கு ஒரு துளி தாழ்ந்து அப்படியே நின்றது.

"மாமா, கம்பத்துக்கு அந்தாண்ட போய் நில்லுங்க. எறங்கறப்ப இடிச்சிரும்."

நாட்டாண்மை போனார். போகும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

இந்தத் தடவை விமானம் பாதிக் களம் ஓடி, நிதானமாகத் தரையை விட்டது. ஜாய்ஸ் விசையை முழுவதுமாகத் தள்ளினாள். அறுத்த வயல்களின் மேல் உயரம் மாறாமல் ஒரே கோடாகப் போயிற்று. சத்தம் பின்னால் ஓடிவந்தது. வாய்க்கால் கரையில் இருந்த தலைகள் அத்தனையும் அதோடு சேர்ந்து திரும்பின. குழந்தைராஜ் தலைக்கு மேலே அது சீறிக்கொண்டு போனபோது அவர் குனிந்த வேகத்தில் தோள் துண்டு கீழே விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை. அண்ணாந்து பார்த்தபடியே நின்றார்.

கரையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் களத்துக்குள் இறங்கி வந்தார்கள். ராசம்மாளும் வந்தாள். வந்தவர்கள் ஜாய்ஸுக்குப் பின்னால் கூடினார்கள், ஆனால் அவளை நெருங்கவில்லை. யாரும் யாரிடமும் சொல்லாமலே அவளுடைய முதுகுக்குப் பின்னால் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டு நின்றார்கள்.

கம்பத்தின் ஊதாத் துணி நெருங்கியது. யாரும் குரல் கொடுக்கவில்லை. ஜாய்ஸ் கட்டைவிரலைச் சாய்த்தாள்.